காது கேளாத மோடமும் கானாடுகாத்தான் வீடும்

2003-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் மூன்று நாட்கள், கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் பாயை விரித்து, மடிக்கணினியைப் பெட்டகத்தின் மேல் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு காகிதத்தின் நகலைத் தொலைபேசிக் கம்பி வழியாக, ஃபேக்ஸில், கிள்ளானுக்கு அனுப்ப நான் பாடுபட்டேன். காரைக்குடி செக்காலை சாலைக்கு அருகில் அப்போது கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் பையில் ஒரு திருப்புளியும் இரண்டு குறுந்தகடுகளும் மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

அந்த வீடு ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவானது. மழை பெய்தால், நடுவே வானம் திறந்த வளவின் மேற்குப் பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், ஓடு ஒழுகியது. தேக்கு உத்தரத்தில் ஈரம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஓடு மாற்றும் செலவைப் பிரித்துக்கொள்ளச் சம்மதித்து ஐவரும் கையெழுத்திட வேண்டும். நால்வர் இட்டுவிட்டார்கள். ஐந்தாமவர் மலேசியாவில் கிள்ளானில் இருந்தார். காரைக்குடியில் எந்தத் தொலைபேசிச் சாவடிக்குப் போனாலும் ஃபேக்ஸ் அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்த வீட்டு ஆச்சி அதற்கு ஒப்பவில்லை. பங்காளிகளின் பணக்கணக்கு கடைவீதியில் நாலு பேர் கண்ணில் பட்டுப் போவதா என்பது அவருடைய கேள்வி. போதாதற்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு மடிக்கணினியை விட்டுச் சென்றிருந்தார். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியைப் பேச வைக்கும் மோடம் அதிலேயே இருக்கிறது, அதிலேயே ஃபேக்ஸ் போகும் என்றும் சொல்லியிருந்தார். போகும் என்றது பொய்யில்லை.

முதல் நாள் முழுவதும் திரையில் ஒரே செய்திதான் வந்தது. டயல் டோன், அதாவது தொலைபேசியை எடுத்ததும் கேட்க வேண்டிய ஒலி, இல்லை. பிழை எண் 680. பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கையில் இருக்கும் கருவியைத்தான் முதலில் சந்தேகிப்போம், ஏனென்றால் அதைத்தான் நமக்குத் திறந்து பார்க்கத் தெரியும். நானும் மோடத்தின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் நிரலை, நீக்கினேன், மறுபடி நிறுவினேன், மறுபடி நீக்கினேன். மாலையில் காரைக்குடிக்குத் திரும்பி, கடையிலிருந்த வேறொரு டிரைவரைக் குறுந்தகட்டில் எழுதி, மறுநாள் காலையில் கொண்டுவந்து அதையும் நிறுவினேன். மோடம் சோதனையில் ஒவ்வொரு முறையும் தேறியது; கட்டளைக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது; எண்ணைச் சுழற்றச் சொன்னால் மட்டும் டோன் இல்லை என்றது. சுவரில் அதே இணைப்பில் தொலைபேசியைச் செருகினால் டோன் கணீரென்று கேட்டது.

மோர் கொண்டுவந்து வைத்த ஆச்சிதான் கேட்டார்: "டெலிபோன்ல எனக்கே சத்தம் கேக்குது தம்பி. இதுக்கு மட்டும் ஏன் கேக்கல? காது மந்தமா?"

அது வேடிக்கையாகக் கேட்ட கேள்வி. ஆனால் விடை அதற்குள்ளேயே இருந்தது. டயல் டோன் உலகம் முழுவதும் ஒன்றல்ல. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது 425 ஹெர்ட்ஸ் ஒலி. இந்தியாவில் அது 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸால் அசைத்துத் தருவது; நம் காதுக்கு ஒரு சிறு நடுக்கத்தோடு கேட்கும் அந்த உறுமல் அதனால்தான் வருகிறது. மனிதக் காது இரண்டையும் டோன் என்று ஏற்றுக்கொள்ளும். வேறு நாட்டுக்கென்று அமைக்கப்பட்ட மோடமோ, தான் எதிர்பார்க்கும் ஒலி வராவிட்டால், எந்த ஒலியும் வரவில்லை என்றே அறிவித்துவிடும். மோடத்தின் காதில் கோளாறில்லை. அதற்கு நம் ஊர் பாஷை பழக்கமில்லை.

இதற்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. மோடங்களுக்குக் கட்டளை இடும் முறை 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்தது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். கவனி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. மோடத்தின் கூடுதல் கட்டளைகளுக்கான கட்டத்தில் 'எக்ஸ்3' என்று எழுதிவிட்டால், டோனுக்காகக் காத்திராமல் இரண்டு விநாடி பொறுத்துவிட்டு எண்ணைச் சுழற்றத் தொடங்கிவிடும். எழுதினேன்; சுழற்றியது. விண்டோஸ் எக்ஸ்பியில் டயல் செய்யும் இடத்தைச் சிங்கப்பூரிலிருந்து இந்தியா என்று மாற்றியிருந்தாலே பல மோடங்கள் தம் செவியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததல்ல. டிரைவர் மோகத்தில் அந்தப் பக்கம் போகவே இல்லை. அதையும் மாற்றினேன்.

இதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த நல்ல புத்தி என்று சொல்வேன். மோடத்தின் ஒலிபெருக்கியை முழுமையாகத் திறந்துவிட்டேன். பெரும்பாலோர் அந்தக் கிறீச்சொலி பிடிக்காமல் அதை முதலில் அடைத்துவிடுவார்கள். நானும் அடைத்துத்தான் கொடுப்பேன். திறந்ததும், எண் சுழன்று முடிந்தவுடன், கணினிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் தெளிவான தமிழில், இந்த வசதி உங்கள் தொலைபேசியில் பூட்டப்பட்டுள்ளது என்று பொருள்படும்படி ஏதோ சொல்லியது. மோடத்துக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்கு இது வெறும் இரைச்சல். எதிர்முனை பதிலளிக்கவில்லை என்று திரையில் எழுதிவிட்டு அது ஓய்ந்துவிட்டது. வீட்டில் வேலைக்கு வருபவர்கள் வெளியூருக்குப் பேசிவிடக் கூடாதென்று ஆச்சி வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளை ரகசிய எண் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். இதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

அடுத்த முயற்சியில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஃபேக்ஸ் கருவியின் நீண்ட விசிலுக்குப் பதிலாக, தூக்கத்திலிருந்து எழுந்த ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் யாரென்று கேட்டது. கிள்ளான் பங்காளி வீட்டில் யாராவது இருக்கலாம் என்று எண்ணி மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே குரல், இந்த முறை கோபத்தோடு. அப்போதுதான் சுழன்ற எண்ணைப் படித்துப் பார்த்தேன். மகன் சிங்கப்பூர்ப் பழக்கத்தில் முகவரிப் பட்டியலில் 001 என்று தொடங்கி, மலேசியாவின் 60, கிள்ளான் பகுதியின் 3 என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து அது சரி. இந்தியாவில் வெளிநாட்டுக்கான முன்னெண் 00 மட்டுமே. அதற்குப் பின் வரும் 1 அமெரிக்காவின் எண். அடுத்து வரும் 603 நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பகுதி எண். நமக்குக் காலை பதினொரு மணி. அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்த மனிதரிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒலிபெருக்கி அடைபட்டிருந்தால் இன்னும் பத்து முறை அவரை எழுப்பியிருப்பேன்.

எண்ணைத் திருத்தியதும் கிள்ளான் கிடைத்தது. ஃபேக்ஸ் பேசும் விதம் காது பழகியவர்களுக்குக் கதை கேட்பதுபோல. அனுப்பும் கருவி 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடி கூவி, மூன்று விநாடி பேசாமல் இருந்து, மறுபடி கூவும். நான் ஃபேக்ஸ், யாராவது இருக்கிறீர்களா என்பது அதன் அர்த்தம். எடுக்கும் கருவி 2100 ஹெர்ட்ஸில் மூன்று விநாடி அளவுக்கு நீண்ட விசில் அடிக்கும். பிறகு இருவரும் விநாடிக்கு 300 பிட் என்ற ஆமை வேகத்தில், என்னால் இது முடியும், உன்னால் எது முடியும் என்று பேசிக்கொள்வார்கள். அது முடிந்ததும் அனுப்புபவர் ஒன்றரை விநாடிக்கு வெறும் சுழியங்களை வேகமாக அனுப்பிப் பார்ப்பார். அது பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தால் 14,400 பிட் வேகத்தில் பக்கம் போகும். சிதைந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி முயல்வார்கள். அன்றைக்கு அந்த ஒத்திகை நடந்தது, பக்கமும் கிளம்பியது, பாதியில் சட்டென்று அறுந்தது. அடுத்த முறையும் பாதி. அதற்கடுத்த முறை கால் பக்கம்.

மகனுக்காக இணையத்தையும் அமைத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு, எட்டே ஆண்டுகளில் அது எங்கள் பக்கத்துக் கிராமங்கள் வரை வந்திருந்தது. அப்போது 172 என்று தொடங்கும் எண்ணைச் சுழற்றினால் உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் இணைப்புக் கிடைத்தது. சுழற்றியபோது வேகம் விநாடிக்கு 26,400 பிட் என்று வந்தது, இரண்டு நிமிடத்தில் அறுந்தது. இந்த எண்ணை வைத்தே ஒரு நோயறிதல் செய்யலாம். 56கே மோடத்தின் பதிவிறக்க வேகம் எட்டாயிரத்தை ஆறால் வகுத்த படிகளில், அதாவது சுமார் 1,333 வீதம், ஏறும். அதனால்தான் 44,000, 45,333, 46,667 என்று விசித்திரமான எண்கள் வருகின்றன. 26,400, 28,800, 31,200 என்று 2,400-இன் மடங்காக வந்தால், மோடம் பழைய 33.6கே முறைக்கு இறங்கிவிட்டது, வழியில் ஏதோ அதைத் தடுக்கிறது என்று பொருள். திரையில் 1,15,200 என்று வந்தால் மகிழ வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள வேகம், தெருவைத் தாண்டிய எதையும் அது குறிக்காது.

ஆக ஃபேக்ஸும் அறுந்தது, இணையமும் அறுந்தது. குற்றவாளி கம்பி என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன். தொலைபேசியை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டோன் நின்றுவிடும்; அடுத்த எண்ணுக்காக இணைப்பகம் சில விநாடிகள் மௌனமாகக் காத்திருக்கும். அந்த மௌனத்தைக் கேட்க வேண்டும். நல்ல இணைப்பில் அது கிணற்றடி நிசப்தம்போல இருக்கும். அங்கே கடலை வறுபடும் ஓசை கேட்டது. பேசும்போது அது பேச்சில் மறைந்துவிடும். அதனால்தான் தொலைபேசி நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் தொலைபேசிக் கம்பி போகும் தூரத்தை வெளியூர்க்காரர்கள் ஊகிக்க முடியாது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். கம்பி முகப்பில் நுழைந்து, பட்டாலையைத் தாண்டி, வளவின் பத்தி ஓரமாக ஓடி, இரண்டாங்கட்டில் ஆச்சியின் கட்டிலருகே ஒரு கருவிக்கும், அடுப்படிக்கு வெளியே இன்னொரு கருவிக்கும் பிரிந்து போயிற்று. ஒவ்வொரு கல்யாணத்தின்போதும் ஒருவர் ஒரு கிளையைக் கூட்டியிருந்தார். நான் எல்லாக் கருவிகளையும் கழற்றச் செய்து, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியிலேயே, உள்ளே போகும் கிளைகளையும் அவிழ்த்துவிட்டு, தொலைபேசியை நேராக மாட்டிக் கேட்டேன். நிசப்தம். கிளைகளை மறுபடி இணைத்ததும் கடலை.

வளவின் வானவெளியைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், ஓட்டு விளிம்புக்குக் கீழே, அது இருந்தது. கிளைக் கம்பியின் முனைகளை வரும் கம்பியின் முனைகளோடு முறுக்கி, பற்றவைக்காமல், கருப்பு நாடாவைச் சுற்றி விட்டிருந்த ஓர் இணைப்பு. நாடா பசை கரைந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. உரித்தால் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஓட்டிலிருந்து ஒழுகிய அதே நீர்தான் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடு மாற்றச் சம்மதம் கேட்கும் கடிதத்தை, அந்த ஓட்டின் ஒழுகலே போக விடாமல் நிறுத்தியிருந்தது என்று ஆச்சியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் அனுப்பு" என்றார். லைன்மேன் வந்து அந்தக் கிளையை வெட்டி, புதுக் கம்பியைச் சொட்டுப் படாத உள்சுவர் வழியாகக் கொண்டுபோனார். அதன்பின் இணையம் 45,333-இல் நின்றது.

இன்னொரு சில்லறைக் கோளாறும் இருந்தது. தொலைபேசிச் செருகியின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து, மடிக்கணினியை அசைத்தால் கழன்றது. ஆச்சி கொட்டான் முடைய வைத்திருந்த பனையோலையில் ஒரு நறுக்கை மடித்துச் சொருகினார். நான் புதுச் செருகி மாட்டும்வரை அது பிசகாமல் நின்றது.

இனிக் காகிதம். மடிக்கணினி ஃபேக்ஸைப் பற்றிப் பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று, அதற்குள் இருப்பதை மட்டுமே அது அனுப்பும் என்பது. கையால் எழுதிய கடிதத்தை அனுப்ப ஸ்கேனர் வேண்டும்; கடையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தேன். கடிதம் பழுப்பேறிய நீளத் தாளில், பேனா மையில் இருந்தது. முதலில் சாம்பல் நிறச் சாயல்களோடு ஸ்கேன் செய்து விட்டேன். அது பெரிய தவறு. ஃபேக்ஸுக்குக் கருப்பு, வெள்ளை என்று இரண்டே நிறங்கள். சாயலை அது பொடிப் புள்ளிகளாக்கிவிடும். ஒவ்வொரு வரியையும் இத்தனை வெள்ளை, இத்தனை கருப்பு என்று நீளங்களாக எண்ணிச் சுருக்கித்தான் ஃபேக்ஸ் அனுப்புகிறது. வெற்றுத் தாள் நொடியில் போய்விடும். புள்ளி இறைந்த தாள் ஊர்ந்து ஊர்ந்து போகும், வெளிநாட்டு அழைப்பின் மீட்டர் அதற்கேற்ப ஓடும். வெறும் கருப்பு வெள்ளையாக, தாளின் பழுப்பு முழுவதும் வெளுத்துப்போகும்படி மறுபடி ஸ்கேன் செய்தேன்.

இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. ஃபேக்ஸின் சாதாரணத் தரத்தில் ஓர் அங்குலத்துக்குக் கிடைமட்டமாக 204 புள்ளிகள் உண்டு, மேலிருந்து கீழாக 98 வரிகள்தான். ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கோ மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் புள்ளி இரண்டு வரிகளுக்கிடையே விழுந்து காணாமல் போய்விடும். சோதனைக்காகக் காரைக்குடியில் ஒரு நண்பரின் கருவிக்கு அனுப்பிப் பார்த்ததில், ஆச்சியின் நுண்ணிய எழுத்தில் பாதிப் புள்ளிகள் போய், 'பங்கு' என்பது 'பஙகு' என்று வந்திருந்தது. பணம் சம்பந்தப்பட்ட தாளில் இதை விட மனமில்லை. நுண்தரத்தில் 196 வரிகள். புள்ளி தப்பிக்கும், நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நேரம் கூடினால் அறுபடும் வாய்ப்பும் கூடும். ஆகவே தரத்தைக் கூட்டி, வேகத்தை 9,600-க்குக் குறைத்தேன். விண்டோஸோடு வரும் ஃபேக்ஸ் நிரலில் அந்த வேகத் தெரிவு எனக்குக் கிட்டாததால், மோடத்தோடு வந்த குறுந்தகட்டிலிருந்த மென்பொருளைப் பயன்படுத்தினேன். அவசரப்பட்டு ஓடி இடறுவதைவிட நடந்து போவது மலிவு.

ஃபேக்ஸுக்கு ஒரு பெரிய வசதியும் இருந்தது. அன்றைய நாளில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பினால், எதிரில் இருப்பவரிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஃபேக்ஸ் படமாகப் போவதால் அந்தத் தொல்லை இல்லை. முகப்புக் கடிதத்தை நான் தட்டச்சு செய்த எழுத்துரு கிள்ளானில் இருந்ததா என்று கவலைப்படவே தேவையிருக்கவில்லை.

இந்த வீட்டுக் கதையில் வராத இரண்டு கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன், அவை எங்கள் பக்கத்தில் நான் அடிக்கடி கண்டவை. ஒன்று, கோடை இடி. மோடம் சோதனையில் தேறுகிறது, எக்ஸ்3 போட்டாலும் ஒலிபெருக்கியில் டோனும் இல்லை, இரைச்சலும் இல்லை என்றால், தொலைபேசிக் கம்பியைத் தொடும் பகுதி கருகிவிட்டது. கட்டளைக்குப் பதில் சொல்வது வேறு பகுதி, அதனால் அது பிழைத்திருக்கும். மாற்றுவதைத் தவிர வழியில்லை. மற்றொன்று, பக்கத்திலுள்ள அகலமான வலையமைப்புத் துளைக்குள் தொலைபேசிச் செருகியைச் செருகிவிடுவது. அது ஒழுங்காகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். மணி அடிக்கும்போது வரும் மின்னழுத்தம் எழுபது வோல்ட்டுக்கும் மேல் என்பதை அந்தத் துளை எதிர்பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் மாலை பக்கம் முழுமையாகப் போனது. கடைசியில் கிள்ளானிலிருந்து வரும் ஏற்பொலியைக் கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று மோடத்தைத் தானே எடுக்கும்படி வைத்தேன். அன்று இரவே சிங்கப்பூரிலிருந்து மகன் ஆச்சியோடு பேச அழைத்து, இரண்டாவது மணியிலேயே மோடத்தின் விசிலைக் காதில் வாங்கினார். மறுநாள் காலையில் ஆச்சி வரச் சொல்லி அதை நிறுத்தச் செய்தார். இனி அழைப்பை மனிதர்தான் எடுக்க வேண்டும், ஃபேக்ஸ் என்றால் மட்டும் கணினியில் பெறு என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லி, அன்று முழுவதும் நான் அங்கேயே இருந்தேன்.

பிற்பகலில் மணி அடித்தது. ஆச்சி எடுத்தார், ஒரு கணம் கேட்டார், ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்தார். முகப்பிலிருந்தே எனக்கும் கேட்டது: அரை விநாடிக் கூவல், மௌனம், மறுபடி கூவல்.

"தம்பி, கூவிட்டு நிக்குது. ஒன் ஆளுதான், பொத்தான அமுக்கு" என்றார்.

அமுக்கினேன். ஐந்தாவது கையெழுத்து, எல்லாப் புள்ளிகளோடும், மேலிருந்து வரிவரியாகத் திரையில் இறங்கியது.